முன்சக்கர ஆக்ஸில் கழலவில்லையா? அறிகுறி வாரியாகப் பார்க்க வேண்டியவை

வீட்டில் மோட்டார் சைக்கிளின் முன்சக்கரத்தைக் கழற்ற முனைபவர்களில் பலர், நட்டு கழன்ற பிறகும் ஆக்ஸில் (சக்கரத்தின் நடுவே ஊடுருவிப் போகும் தண்டு) வெளியே வராவிட்டால், அது துருப்பிடித்து இறுகிவிட்டது என்று முடிவுகட்டி உடனே சுத்தியலை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் துருவினால் நிஜமாகவே இறுகிய ஆக்ஸில்கள் குறைவு. வண்டியின் எடையோ, தளர்த்த மறந்த ஒரு போல்ட்டோ, நேராக நிற்காத ஃபோர்க் காலோ (சக்கரத்தை இருபுறமும் தாங்கும் குழாய்களில் ஒன்று) அதை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பதுதான் வழக்கம். ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறியின் கீழும் எளிதில் தீரக்கூடிய காரணம் முதலிலும், செலவு வைக்கும் காரணம் கடைசியிலும் வருகின்றன. எது பிடித்துக்கொண்டிருக்கிறது என்று தெரியும்வரை அடிக்க வேண்டாம்.

## தொடங்குமுன் கவனிக்க வேண்டியவை

உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை ஆக்ஸில் என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். சிறிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஒரு முனையில் தலையும் மறுமுனையில் நட்டும் இருக்கும். சற்றுப் பெரிய வண்டிகளில் தனி நட்டே இருக்காது. ஆக்ஸிலின் மரை ஒரு ஃபோர்க் காலுக்குள்ளேயே முடுக்கப்பட்டிருக்கும், மறு காலின் அடியில் அதைக் கவ்விப் பிடிக்கும் பிஞ்ச் போல்ட் ஒன்றோ இரண்டோ இருக்கும். இன்னும் சிலவற்றில் இரண்டு கால்களிலும் பிஞ்ச் போல்ட்டுகளும், ஒரு முனையில் ஆக்ஸிலை முடுக்கும் தனி போல்ட்டும் இருக்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் ஃபோர்க் காலின் அடிப்பகுதியே மூடி போலத் தனியாகக் கழலும்.

நட்டையும் பிஞ்ச் போல்ட்டையும் முதல் தடவை தளர்த்தும் வேலை, சக்கரம் தரையில் நிற்கும்போதே முடிந்துவிட வேண்டும். முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்திவிட்டு நீண்ட ஸ்பேனரைப் போட்டு இழுத்தால் வண்டி ஸ்டாண்டிலிருந்து சரியும். தளர்த்திய பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினுக்கு அடியில் தட்டையான பகுதி பார்த்து ஜாக்கி வைத்து, நடுவே ஒரு மரக்கட்டை கொடுத்துத் தூக்குங்கள். சைலன்சர் குழாயின் மீதோ ஆயில் ஃபில்டரின் மீதோ எடை இறங்கக் கூடாது. சைடு ஸ்டாண்டை மட்டும் நம்பி இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

எதையும் கழற்றுமுன் இரண்டு பக்கமும் படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருக்கிறது, எந்த ஸ்பேசர் (சக்கரத்துக்கும் ஃபோர்க் காலுக்கும் நடுவே இடைவெளி காக்கும் சிறு குழாய்) எந்தப் பக்கம், டயரின் அம்புக்குறி எந்தத் திசை என்பவையெல்லாம் கழற்றும்போது வெளிப்படையாகத் தெரியும், மாட்டும்போதுதான் குழம்பும்.

## அறிகுறி: நட்டு கொஞ்சமும் அசையவில்லை

நட்டைப் பூட்டும் ஸ்பிளிட் பின் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளம் வெட்டிய நட்டாக இருந்தால் அதன் குறுக்கே ஸ்பிளிட் பின் போயிருக்கும். சேறும் கிரீஸும் படிந்து அது கண்ணில் படாமலே இருக்கலாம். கம்பித் தூரிகையால் நட்டைச் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். பின் இருந்தால் நிமிர்த்தி உருவுங்கள். மாட்டும்போது புதிய பின் போட வேண்டும், பழையதை மறுபடி வளைத்துப் போடக் கூடாது.

சுற்றும் திசை. நட்டுக்கு நேரெதிரே இருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றினால்தான் கழலும். எதிர்ப்பக்கம் உட்கார்ந்துகொண்டு கையை நீட்டிச் சுற்றுபவர்கள் தளர்த்துவதாக எண்ணி இறுக்கிக்கொண்டே போவது அடிக்கடி நடக்கும். எதிர்மறையாக வெட்டிய மரை மிக அரிது என்றாலும் இல்லாமல் இல்லை, பழைய பி.எஸ்.ஏ. வண்டிகள் சிலவற்றில் முன் ஆக்ஸில் அப்படிப்பட்டது. வண்டி பழையதாகவும் பழக்கமில்லாததாகவும் இருந்தால் மேனுவலைப் பார்த்துவிடுவது நல்லது.

பிடிமானம் போதவில்லை. வண்டியோடு வரும் குட்டை ஸ்பேனரால் இந்த நட்டு கழல்வது கடினம். ஆறு பட்டைச் சாக்கெட்டும் நீண்ட கைப்பிடியும் தேவை. பன்னிரண்டு பட்டைச் சாக்கெட், இறுகிய நட்டின் முனைகளைத் தின்றுவிடும். ஒருவர் முன்பிரேக்கை அழுத்திப் பிடித்து வண்டியைத் தாங்கிக்கொள்ள, மற்றவர் ஒரே சீராக அழுத்தம் கொடுக்க வேண்டும். ஸ்பேனரின் மீது ஏறிக் குதிப்பதை விட, உடல் எடையை மெல்ல அதன் மீது சாய்ப்பது அதிகப் பலன் தரும்.

துரு. மேற்கண்டவை எல்லாம் சரியாக இருந்தும் அசையாவிட்டால் துரு இளக்கும் எண்ணெயை மரையின் மீது அடித்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி அடித்து, முடிந்தால் ஓர் இரவு விட்டுவிடுங்கள். டிஸ்க்கின் மீதும் பிரேக் பேடுகளின் மீதும் ஒரு துளிகூடப் படாதபடி பழந்துணியால் மூடிக்கொள்ளுங்கள். எண்ணெய் குடித்த பேடுகளைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இதற்கும் அசையாவிட்டால் பட்டறையின் இம்பாக்ட் ரெஞ்ச் சில நொடிகளில் கழற்றிவிடும். அங்கே வெறும் தளர்வாக மட்டும் முடுக்கித்தரச் சொல்லி எடுத்துவர வேண்டாம். தளர்ந்த ஆக்ஸிலோடு வண்டியை ஓட்டக் கூடாது.

## அறிகுறி: நட்டோடு சேர்ந்து ஆக்ஸிலும் சுற்றுகிறது

நட்டும் தலையும் உள்ள வகையில், தலைப் பக்கம் இன்னொரு ஸ்பேனரைப் போட்டுப் பிடித்தால் முடிந்தது. தலையில் குறுக்கே துளை மட்டும் இருந்தால் அதற்குள் உறுதியான ஒரு கம்பியைச் செருகிப் பிடிக்கலாம்.

இரண்டு கால்களிலும் பிஞ்ச் போல்ட் உள்ள வண்டிகளில் இந்தத் தொல்லை வருவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லாப் பிஞ்ச் போல்ட்டுகளையும் முதலிலேயே தளர்த்திவிட்டதுதான். ஆக்ஸில் போல்ட் இருக்கும் பக்கத்துப் பிஞ்ச் போல்ட்டை மட்டும் தளர்த்தி, எதிர்ப்பக்கத்தை மறுபடி இறுக்கிவிட்டுச் சுற்றிப் பாருங்கள். அந்தப் பக்கத்துக் கவ்வல் ஆக்ஸிலைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். போல்ட் கழன்ற பிறகு எதிர்ப்பக்கத்தைத் தளர்த்தலாம்.

நட்டு சில சுற்றுகள் வந்தபின் மறுபடி இறுகி ஆக்ஸிலையும் சேர்த்துச் சுற்றினால் மரையில் அழுக்கோ காயமோ இருக்கிறது. எண்ணெய் விட்டு அரைச் சுற்று முன்னும் கால் சுற்றுப் பின்னுமாக மெல்லக் கொண்டுவாருங்கள்.

## அறிகுறி: நட்டின் முனைகள் மழுங்கிவிட்டன

சற்றே மழுங்கியிருந்தால் சரியான அளவுள்ள ஆறு பட்டைச் சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி முழுதாக உட்கார வைத்துவிட்டுத் திருப்பலாம். அதிகம் மழுங்கியிருந்தால் பெரிய வைஸ் கிரிப்பால் கவ்வலாம். நட்டு எப்படியும் மாற்றப்பட வேண்டியது என்று முடிவு செய்துவிட்டால், நட்டைப் பிளக்கும் கருவியைப் பயன்படுத்துவது ஆக்ஸிலின் மரையைக் காப்பாற்றும். உளியால் வெட்டுவது அப்படியல்ல.

ஆலன் கீ நுழையும் வகை ஆக்ஸில்களில் மழுங்குவதற்கு முதல் காரணம் குழிக்குள் இறுகிக் கிடக்கும் மண். கூரான ஆணியால் அதை அடிவரை சுரண்டி எடுத்துவிட்டால்தான் கீ முழு ஆழத்துக்கு இறங்கும். பாதி ஆழத்தில் நின்று திருப்பினால் குழி வட்டமாகிவிடும். வட்டமாகிவிட்ட பிறகு வீட்டில் செய்யத் தக்கது அதிகமில்லை. வெல்டிங் வைத்துக் கழற்றும் வேலையை அனுபவமுள்ள பட்டறையிடம் விடுங்கள். டயரும் ஆயில் சீலும் பக்கத்திலேயே இருக்கின்றன, ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் மின்னணுப் பாகங்களும் உண்டு.

## அறிகுறி: நட்டு வந்துவிட்டது, ஆக்ஸில் வரவில்லை

அதிகம் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இதுதான். இங்கே ஒரு சிறு சோதனை பாதி வேலையை முடித்துவிடும்: சக்கரம் தரையிலிருந்து தூக்கப்பட்ட நிலையில் ஆக்ஸிலின் தலையில் ஸ்பேனரைப் போட்டுச் சுற்றிப் பாருங்கள்.

### ஆக்ஸில் சுற்றவில்லை என்றால்

ஃபோர்க் கால்களில் ஒன்று அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முதலில் பிஞ்ச் போல்ட்டுகள். அவை காலின் பின்புறத்திலோ அடியிலோ சேற்றுக்குள் ஒளிந்திருக்கும். நட்டு உள்ள சிறிய வண்டிகளிலும் சிலவற்றில் ஒரு பக்கம் பிஞ்ச் போல்ட் இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. சில சுற்றுத் தளர்த்தினால் போதும், ஆனால் நிஜமாகவே தளர்ந்திருக்க வேண்டும். தளர்த்தியும் கவ்வல் விடாவிட்டால் அதன் பிளவுக்குள் தட்டையான ஸ்குரூ டிரைவரின் முனையை மெல்லச் செருகி, பிளவு ஒரு மயிரிழை விரியும்படி மட்டும் செய்யலாம். நெம்பக் கூடாது, அந்தப் பகுதி அலுமினிய வார்ப்பு, வளையாமல் விரிந்து உடையும். உடைந்தால் போவது போல்ட் அல்ல, ஃபோர்க்கின் அடிக்குழாய்.

பிஞ்ச் போல்ட் இல்லை, அல்லது முழுதும் தளர்ந்துவிட்டது, ஆனாலும் சுற்றவில்லை என்றால் ஆக்ஸில் அலுமினியக் காலுக்குள் அரித்து ஒட்டியிருக்கிறது. துளையின் விளிம்பில் வெள்ளைத் தூள் தெரிந்தால் ஐயமே இல்லை. எண்ணெய் விட்டுக் காத்திருப்பதோடு, காலின் அடிப்பகுதியைச் சூடாக்குவதும் உதவும். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும் என்பதால் துளை சற்றே அகலும். கொதிநீரில் நனைத்த துணியைச் சுற்றிவைப்பதோ, சூடான காற்று வீசும் கருவியைக் காட்டுவதோ போதும். எரிவாயுச் சுடர் வேண்டாம். எண்ணெய் ஊறிய இடத்தில் அது தீப்பிடிக்கும், ஃபோர்க் ஆயில் சீலையும் கெடுக்கும். சூடாக இருக்கும்போதே ஸ்பேனரால் முன்னும் பின்னும் சுற்றிக் கொடுங்கள். ஒருமுறை சுற்றத் தொடங்கிவிட்டால் வெளியே வந்துவிடும்.

### ஆக்ஸில் சுற்றுகிறது, ஆனால் வெளியே வரவில்லை என்றால்

ஆக்ஸில் காலுக்குள்ளேயே முடுக்கப்படும் வகையில், மரை முழுதும் கழன்றுவிட்டதா என்பதை முதலில் பாருங்கள். கழன்றுவிட்டால் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றிலும் ஒரு சிறு சொடுக்குப் போலக் கையில் தெரியும்.

அடுத்தது எடை. வண்டி மிகக் குறைவாகத் தூக்கப்பட்டிருந்தால் ஃபோர்க்கின் எடை ஆக்ஸிலை மேலிருந்து அழுத்தும். அளவுக்கு மீறித் தூக்கப்பட்டிருந்தால் தொங்கும் சக்கரத்தின் எடை அதைக் கீழே இழுக்கும். இரண்டிலும் ஆக்ஸில் நகராது. டயருக்கு அடியில் ஒரு பலகையின் நுனியை நுழைத்து, மறுநுனியைக் காலால் மெல்ல மிதித்துச் சக்கரத்தை நூலளவு ஏற்றி இறக்கிக்கொண்டே, ஒரு கையால் ஆக்ஸிலைச் சுற்றி இழுத்துப் பாருங்கள். சரியான உயரம் வாய்த்த கணத்தில் அது வெண்ணெயில் இறங்கிய கத்தி போல நழுவி வரும். சுத்தியல் எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு இந்தப் பலகை ஒன்றே போதுமாக இருந்திருக்கும் என்பது என் கருத்து.

அதற்கும் வராவிட்டால் ஃபோர்க் கால்கள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு நிற்கின்றனவா என்று வண்டியின் முன்னால் நின்று பாருங்கள். வண்டி முன்பு எங்காவது விழுந்திருந்தால் இது சாதாரணம். ஹேண்டில்பாரை நேராக வைத்து, சக்கரத்தை இரு முழங்கால்களுக்கு இடையில் பிடித்துச் சற்று இடமும் வலமும் திருப்பிக்கொண்டே இழுத்துப் பாருங்கள்.

இவை எதுவும் பலிக்காதபோதுதான் துருவைச் சந்தேகிக்க வேண்டும். ஆக்ஸில் சுற்றுவதனாலேயே துரு இல்லை என்று ஆகிவிடாது: பேரிங்கின் உள்வளையத்தோடு ஒட்டிக்கொண்ட ஆக்ஸில், அந்த வளையத்தையும் சேர்த்துக்கொண்டு எந்தத் தடையுமின்றிச் சுற்றும். இரண்டு பக்கமும் ஸ்பேசருக்கும் ஆக்ஸிலுக்கும் இடையில் எண்ணெய் விட்டு, ஓர் இரவு ஊறவிட்டு, அதன் பிறகே தட்டலாம்.

தட்டுவதற்கும் முறை உண்டு. நட்டைத் திரும்ப மரையில் ஏற்றி, அதன் முகமும் ஆக்ஸிலின் முனையும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை கொண்டுவந்துவிட்டு, அதன் மீது பித்தளைக் கம்பியோ கடினமான மரக்கட்டையோ வைத்து அடிக்க வேண்டும். வெறும் இரும்புச் சுத்தியல் மரையில் நேராகப் பட்டால் முனை காளான் போலப் பரந்துவிடும். பிறகு அந்த முனை எந்தத் துளை வழியாகவும் வராது. முதல் இரண்டு மூன்று அடிகளில் எது நகர்கிறது என்பதைக் கவனியுங்கள். ஆக்ஸில் மட்டும் நகர்ந்தால் தொடரலாம். ஃபோர்க் கால் சேர்ந்து வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் அந்தக் காலுக்குள் ஒட்டியிருக்கிறது. சக்கரம் முழுதும் பக்கவாட்டில் நகர்ந்தால் பேரிங்கோடு ஒட்டியிருக்கிறது. அப்போது ஒவ்வோர் அடியும் பேரிங்கின் குண்டுகள் வழியாகவே போகிறது என்பதால், ஆக்ஸில் வந்தாலும் பேரிங்குகளைப் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.

வலுவான பத்துப் பன்னிரண்டு அடிகளுக்கும் அசையாத ஆக்ஸிலை வீட்டில் தொடர்ந்து அடிக்க வேண்டாம். ஹப்புக்கும் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஃபோர்க் காலுக்கும் இடையே ஆக்ஸிலை அறுத்து எடுத்து, எஞ்சியதை லேத் பட்டறையில் அழுத்தி வெளியேற்றுவதே அடுத்த படி. அதற்கு ஆகும் செலவு ஓர் ஆக்ஸிலும் இரண்டு பேரிங்கும். பிடிவாதமாக அடித்தால் ஹப்பும் சேரும்.

## அறிகுறி: பாதி வந்து நின்றுவிடுகிறது

முனையில் பிசிறு இருந்தால் அது ஸ்பேசரின் வாயில் மாட்டும். ஆக்ஸிலைப் பின்னுக்குத் தள்ளி, முனையை வெளியே எடுத்து, மெல்லிய அரத்தால் பிசிறைத் தேய்த்துவிடுங்கள்.

ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சுற்றும்போது மட்டும் இறுகி, மற்றக் கோணங்களில் நெகிழ்ந்தால் ஆக்ஸில் வளைந்திருக்கிறது. வெளியே எடுத்தபின் சமதளக் கண்ணாடியின் மீது உருட்டிப் பார்த்தால் அடியில் வெளிச்சம் வந்து மறைவது தெரியும். பல வண்டிகளின் மேனுவலில் வளைவுக்கான அனுமதி 0.2 மி.மீ. அளவுதான், ஆகவே கண்ணுக்குத் தெரியும் வளைவு எதுவானாலும் ஆக்ஸிலை மாற்ற வேண்டும். வளைந்ததை அடித்து நிமிர்த்திப் போடுவது எந்த நிலையிலும் கூடாது. வளைவு தெரிந்தால் ஃபோர்க் குழாய்களையும் மெக்கானிக்கிடம் காட்டுங்கள், ஆக்ஸில் தனியாக வளைவது அபூர்வம்.

## அறிகுறி: ஆக்ஸில் வந்துவிட்டது, சக்கரம் கீழே இறங்கவில்லை

ட்ரம் பிரேக் வண்டியில் பிரேக் கேபிளும் ஸ்பீடோமீட்டர் கேபிளும் இன்னும் மாட்டியிருக்கும். டிஸ்க் வண்டியில் டயரோ விளிம்போ காலிப்பரில் (பிரேக் பேடுகளைத் தாங்கும் பாகம்) இடிக்கும். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளைக் கழற்றி, அதை ஒரு கயிற்றால் ஃபோர்க்கிலோ ஹேண்டில்பாரிலோ தொங்கவிடுங்கள். பிரேக் குழாயில் அதன் எடை தொங்கக் கூடாது. பேடுகளுக்கு நடுவே ஒரு மரத்துண்டைச் செருகிவைப்பதை மறக்க வேண்டாம், ஏனென்றால் வீட்டில் யாராவது பிரேக் லீவரைத் தொட்டுவிட்டால் பிஸ்டன் வெளியே வந்துவிடும், அதன் பிறகு இது ஆக்ஸில் வேலையாக இருக்காது. ஏ.பி.எஸ். உள்ள வண்டியில் சக்கர உணரியை முன்கூட்டியே கழற்றி ஒதுக்கிவையுங்கள்.

கழற்றிய சக்கரத்தை டிஸ்க்கின் மீது சாய்த்துப் படுக்கவைக்காமல், இரண்டு கட்டைகளின் மீது டயர் தாங்கும்படி வையுங்கள்.

## அறிகுறி: திரும்ப மாட்டும்போது ஆக்ஸில் நுழையவில்லை

ஸ்பேசர் நழுவிக் கீழே இறங்கியிருக்கும், அல்லது சக்கரத்தின் உயரம் பொருந்தாது. பலகை உத்தி இங்கும் உதவும். ஸ்பீடோமீட்டர் கியர் பெட்டியின் நாக்கு ஹப்பின் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்; உட்காராமல் முடுக்கினால் நாக்கு நசுங்கும், மீட்டர் வேலை செய்யாது. ட்ரம் பிரேக்கின் தட்டில் உள்ள பள்ளம் ஃபோர்க் காலில் உள்ள முனைப்பில் கட்டாயம் பொருந்தியிருக்க வேண்டும். அது பொருந்தாவிட்டால் பிரேக் பிடித்தவுடன் தட்டே சுழன்று சக்கரம் பூட்டிக்கொள்ளும். இந்த வேலையில் உயிருக்கே ஆபத்தான தவறு இதுதான்.

நுழைக்குமுன் ஆக்ஸிலைத் துடைத்து, துருவை மெல்லிய எமரித் தாளால் எடுத்து, லித்தியம் கிரீஸை மிக மெல்லிய படலமாகத் தடவுங்கள். மரையில் கிரீஸ் வேண்டாம், மேனுவல் சொன்னாலொழிய. கிரீஸ் பட்ட மரையில் அதே டார்க் (இறுக்கும் முறுக்கு விசை) அளவு நட்டை அளவுக்கு மீறி இறுக்கிவிடும். ஆக்ஸில் நுழையும்போது கையால் தள்ளினால் போக வேண்டும்.

## அறிகுறி: மாட்டியபின் சக்கரம் இறுக்கமாகச் சுழல்கிறது, அல்லது ஃபோர்க் அமுங்க மறுக்கிறது

பிஞ்ச் போல்ட்டுகளை இறுக்குமுன் ஃபோர்க்கை அமுக்காததே முதல் காரணம். ஆக்ஸிலை முடுக்கிய பிறகு, கடைசிப் பிஞ்ச் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை நான்கைந்து முறை நன்றாக அமுக்கி எழுப்புங்கள். கால் தனக்கு இயல்பான இடத்துக்கு வந்து நிற்கும். அதன்பின் அவற்றை இறுக்குங்கள். சிறிய வண்டிகளில் ஆக்ஸில் நட்டுக்குப் பெரும்பாலும் 45 முதல் 70 நியூட்டன் மீட்டர் வரையிலும், பிஞ்ச் போல்ட்டுக்கு 20-ஐ ஒட்டியும் இருக்கும். உங்கள் வண்டிக்கான எண்ணை மேனுவலிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். நைலான் வளையம் உள்ள நட்டு கையாலேயே சுற்ற வந்தால் அது தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

இரண்டாவது காரணம் இடம் மாறிய ஸ்பேசர். எடுத்துவைத்த படத்தோடு ஒப்பிடுங்கள். ஸ்பேசர் ஒன்று விடுபட்டிருந்தால் சக்கரம் பக்கவாட்டில் ஆடும், டிஸ்க் காலிப்பரின் ஒரு பக்கத்தில் உரசும்.

பிரேக் லீவர் முதல் அழுத்தலில் ஹேண்டில்பாரைத் தொட்டால் பயப்பட வேண்டாம், பேடுகள் விலகியிருக்கின்றன. லீவர் கெட்டியாகும்வரை மீண்டும் மீண்டும் அழுத்துங்கள். வண்டியை நகர்த்துமுன் இதைச் செய்துவிட வேண்டும். பல முறை அழுத்தியும் பஞ்சு போலவே இருந்தால் பிரேக் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. அதை வெளியேற்றத் தெரியாதவர்கள் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழையுங்கள்.

சக்கரம் தூக்கிய நிலையில் கையால் சுழற்றும்போது கரகரவென்று பல் கடிப்பது தெரிந்தால் பேரிங் போய்விட்டது. இதை மட்டும் ஆக்ஸிலை மறுபடி தளர்த்தியும் இறுக்கியும் சரிசெய்ய முயல வேண்டாம். பேரிங்கை அடித்து ஏற்றும்போது வெளிவளையத்தின் மீது மட்டும் அழுத்தம் விழ வேண்டும், உள்ளிருக்கும் நடுக்குழாயை மறக்கக் கூடாது. அதற்கான கருவி இல்லாதவர்கள் சக்கரத்தை மட்டும் கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோனால் போதும், வண்டி வீட்டிலேயே கட்டையின் மீது நிற்கலாம். முதல் முறை ஓட்டிய பிறகு நட்டையும் பிஞ்ச் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள்.